பாங்காக் விகாரைகளில் நிலைப்படி தாண்டுவது: வெளிவாசலில் தொடங்கி புத்தர் முன் உட்காரும் வரை

பாங்காக்குக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் வாட் ப்ரா கேவ் (அரண்மனை வளாகத்தில் உள்ள மரகத புத்தர் கோயில்), வாட் போ (படுத்திருக்கும் புத்தர் கோயில்) என்று கூட்டிப் போகும்போது, எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். நிலைப்படி. "மிதிக்காதே, தாண்டிப் போ" என்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. வீட்டிலேயே பாட்டி சொல்லி வளர்ந்தவர்கள்தான். அப்படியும் ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன், தோளில் நழுவும் துப்பட்டா, பின்னால் தள்ளும் கூட்டம் என்று நிற்கும்போது கால் தானாகக் கட்டையின் மேல் போய்விடுகிறது.

ஆகவே நிலைப்படியில் செய்ய வேண்டியதைவிட, அதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டியவை அதிகம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. தேரவாத (தாய்லாந்தில் பெரும்பாலானவர்கள் பின்பற்றும் பௌத்தப் பிரிவு) விகாரைகளை, அதாவது பாங்காக்கில் நீங்கள் பார்க்கப்போகும் பெரும்பாலானவற்றை, மனதில் வைத்து எழுதியது. சீன விகாரைக்குத் தனிப் பகுதி கடைசியில்.

1. அறையிலிருந்து கிளம்பும் முன்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாட் ப்ரா கேவ்வில் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அரை டிரவுசர், கையில்லாத சட்டை, கிழிந்த ஜீன்ஸ் எல்லாம் வெளிவாசலிலேயே நிறுத்தப்படும். பிறகு எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட தொளதொள பேன்ட் வாங்கி மாட்டிக்கொண்டு வரவேண்டியதுதான்.

புடவை நல்ல உடை. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் இடுப்பையும் மூடிப் பின் குத்திவிடுங்கள். பின் குத்தச் சொல்வது அழகுக்காக அல்ல. நிலைப்படி தாண்டும்போது ஒரு கை கொசுவத்தைப் பிடிக்கும். நழுவும் முந்தானையைப் பிடிக்க இன்னொரு கையும் போய்விட்டால், தடுக்கினால் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. வேட்டி கட்டுபவர்கள் தழையக் கட்டிக்கொள்ளுங்கள். மடித்துக் கட்டினால் முழங்கால் தெரியும்.

லேஸ் கட்டும் ஷூ வேண்டாம். ஒரே காலையில் பல முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். லேஸை அவிழ்க்கக் குனிகிறவர் எங்கே உட்காரலாம் என்று பார்ப்பார், கண்ணுக்குப் படுவது நிலைப்படியாகத்தான் இருக்கும். காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரிச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

செருப்பு வைக்க ஒரு துணிப்பையும் ஒரு ஜோடி சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு மேல் முற்றத்துக் கல் கொதிக்கும். சாக்ஸோடு உள்ளே போகலாம், தவறில்லை. வாட் ப்ரா கேவ் காலை 8.30-க்குத் திறக்கிறது, முடிந்தால் அப்போதே போய்விடுங்கள்.

வழியில் யாராவது வந்து "இன்று கோயில் மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்றால், காதில் வாங்காமல் வாசல்வரை போய்ப் பாருங்கள். அரண்மனையைச் சுற்றி இந்தப் பேச்சு தினமும் நடக்கிறது. பேசுபவருக்குப் பின்னாலேயே ஒரு துக்துக் (ஆட்டோ) தயாராக நிற்கும்.

2. எத்தனை வாசல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நிலைப்படி என்றால் கருவறைக் கதவு ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வெளியிலிருந்து உள்ளே பல எல்லைகளைக் கடக்கிறோம். முதலில் மதில் வாசல். பல இடங்களில் அதற்குள் ஒரு சுற்று மண்டபம், அதற்கும் ஒரு வாசல். பிறகு உபோசோத் என்கிற முக்கிய மண்டபம், அதைச் சுற்றிச் சீமைக் கற்கள். அப்புறம் மேடை, படிக்கட்டு, முன் தாழ்வாரம். கடைசியாகத்தான் அந்தக் கட்டை.

ஒவ்வொரு எல்லையிலும் ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டும். மதில் வாசலில் அரட்டை, சுற்று மண்டபத்தில் தீனியும் தண்ணீர் பாட்டிலும், படிக்கட்டின் அடியில் செருப்பு, தாழ்வாரத்தில் தொப்பியும் போனும். இப்படிப் பிரித்துக்கொண்டால் நிலைப்படிக்கு வரும்போது கை காலியாக இருக்கும்.

3. மதில் வாசல்: படம் எடுப்பதை இங்கேயே முடியுங்கள்

வாட் ப்ரா கேவ்வின் வாசல்களில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரமாக, கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு ஜோடி ஜோடியாக யட்சர்கள் நிற்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். ராமகியென் எனப்படும் தாய்லாந்து ராமாயணத்தில் வருகிறவர்கள். பச்சை உடம்பும் அடுக்கடுக்கான முகங்களுமாக இருப்பவர் தொட்சகன், நம் ராவணன்தான். ராவணன் இங்கே புத்தருக்குக் காவல் நிற்பதைப் பார்த்ததும் நம்மவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பேசட்டும், படம் எடுக்கட்டும், எல்லாம் இங்கேயே ஆகட்டும். உபோசோத்துக்கு உள்ளே படம் எடுக்கத் தடை.

மதில் வாசலுக்கும் கட்டை உண்டு. செருப்புக் காலோடுதான் தாண்டுவோம் என்பதால் பலர் அலட்சியமாக மிதித்துவிடுகிறார்கள். இங்கேயும் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே இருக்கிற உயரமான கட்டைக்கு இது ஒத்திகையும் ஆயிற்று. குழந்தைகளுக்கு இங்கேயே ஒரு முறை காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

4. சீமைக் கற்கள்: கண்ணில் படாத எல்லை

உபோசோத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் இலை வடிவத்தில் நிமிர்ந்து நிற்கும் கற்களைக் கவனியுங்கள். சில இடங்களில் அவற்றுக்குச் சின்னக் கோபுரம் போல ஒரு கூடு இருக்கும். இதுதான் சீமை. பார்க்க வருகிறவர்கள் அதிகம் தவறு செய்வதும் இங்கேதான். அலங்காரக் கல் என்று நினைத்துச் சாய்கிறார்கள், பையை மாட்டுகிறார்கள், பீடத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறார்கள்.

பிட்சுகளின் விநய விதிப்படி துறவு கொடுப்பது போன்ற சங்கக் (பிட்சுகள் கூட்டத்தின்) காரியங்கள் எல்லை வகுத்த இடத்துக்குள்தான் நடக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கும் பிட்சுகள் எல்லாரும் அதில் சேர வேண்டும். எல்லை எங்கே முடிகிறது என்பது சந்தேகமாக இருந்தால் அந்தக் காரியமே செல்லுமா என்கிற கேள்வி வரும். அதனால்தான் எட்டுத் திசையில் எட்டு, நடுவில் ஒன்று என ஒன்பது உருண்டைக் கற்களை மண்ணில் புதைத்து எல்லையை நிலைநாட்டுகிறார்கள். நீங்கள் பார்க்கும் இலைக் கல் அதன் மேல் வைத்த அடையாளம். உள்ளே இருக்கிற மரக்கட்டையைவிடச் சங்கத்தின் கணக்கில் கனமான எல்லை இது. ஆனால் தாண்டுவதற்கு இங்கே எதுவும் இல்லாததால் யாருக்கும் உறைப்பதில்லை.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நடந்து போங்கள். அதைத் தொடவோ, சாயவோ, மேலே எதையும் வைக்கவோ வேண்டாம். அவ்வளவுதான் மரியாதை.

அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவதொரு ஊர் விகாரையில் துறவு ஏற்கும் சடங்கைப் பார்க்கலாம். வெள்ளை உடுத்திய இளைஞனை 'நாக்' என்பார்கள். மனித உருவில் வந்து துறவு கேட்ட நாகத்தின் கதையிலிருந்து வந்த பெயர் அது. உறவினர்கள் மேளதாளத்தோடு அவனை உபோசோத்தைச் சுற்றி மூன்று முறை வலம் அழைத்து வருவார்கள். அவன் சீமைக் கல்லின் முன் மண்டியிட்டு வணங்குவான். சில்லறையை வாரி இறைப்பான். சின்னப் பிள்ளைகள் முட்டிமோதிப் பொறுக்கும். பிறகு பல ஊர்களில் அப்பாவும் மாமன்மாரும் அவனை அப்படியே தூக்கி நிலைப்படிக்கு மேலாக உள்ளே கொண்டு போவார்கள். ஆடை அலங்காரத்தோடு அவன் கால் தவறிக்கூட அந்தக் கட்டையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. நிலைப்படிக்கு இங்கே என்ன மதிப்பு என்பதை அந்த ஒரு காட்சியே காட்டிவிடும்.

5. செருப்பைக் கழற்றும் முறை

படிக்கட்டின் அடியிலோ பக்கத்திலோ ரேக் இருக்கும். எங்கே நிறையச் செருப்பு கிடக்கிறதோ அதுதான் இடம். அதற்கு மேல் ஒரு படிகூடச் செருப்போடு ஏறாதீர்கள்.

கழற்றும்போது ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. ஒரு காலைக் கழற்றி நேராக மேலே சுத்தமான தரையில் வையுங்கள், பிறகு மறு காலை. இரண்டையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தெருத் தூசியில் நின்று, அதே காலோடு மேலே ஏறினால் கழற்றியதற்கே பொருள் இல்லை. தாய்லாந்துக்காரர்களைக் கவனித்தால் யோசிக்காமலே இப்படிச் செய்வது தெரியும்.

வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் மண்டபத்துக்கு ஒரு வாசலில் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவோம் என்பதால், செருப்பைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இங்கேதான் துணிப்பை உதவும். செருப்பைக் கையில் தொங்கவிட்டு, அடிப்பாகம் சிலையைப் பார்க்கும்படி நடப்பது பார்ப்பவர்களுக்கு உறுத்தும். பைக்குள் போட்டு, பையைத் தாழ்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொப்பி, கூலிங் கிளாஸ் இரண்டையும் தாழ்வாரத்தில் எடுத்துவிடுங்கள். போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போடுங்கள்.

6. எந்தக் கதவு?

உபோசோத்துக்கு முன்பக்கம் மூன்று கதவுகள் இருந்தால் நடுக்கதவை விட்டுவிடுங்கள். வாட் ப்ரா கேவ்வில் நடுக்கதவு அரசருக்கு உரியது; நாமெல்லாம் பக்கக் கதவு வழியாகத்தான். மற்ற விகாரைகளில் எது திறந்திருக்கிறதோ, எதில் ஆட்கள் போகிறார்களோ அதில் போங்கள்.

கதவுப் பலகையைக் கவனியுங்கள், ஆனால் கை வைக்காதீர்கள். துவாரபாலகர்கள் அதிலேயே இருப்பார்கள். அரக்கும் பொன்னும் கொண்டு எழுதியிருப்பார்கள், அல்லது செதுக்கியிருப்பார்கள், சில இடங்களில் முத்துச்சிப்பி பதித்திருப்பார்கள். தாடியும் ஆயுதமுமாகச் சீனச் சாயலில் நிற்பவரைச் சியாவ் காங் என்பார்கள். வாட் போவொன்னிவேட்டில் ஒரு சியாவ் காங்குக்கு வாய் கறுத்திருக்கும். அந்தக் காலத்தில் வேண்டுதல் பலித்தவர்கள் அவர் வாயில் அபினைத் தடவியதால் வந்த கறுப்பு என்பார்கள். வாட் ராட்சபோப்பிட்டின் மதில் கதவுகளில் இருப்பவர்களோ ஐரோப்பியச் சீருடை போட்ட சிப்பாய்கள். கட்டியவர்களுக்கு யாரைப் பார்த்தால் 'காவல்காரர்' என்று தோன்றியதோ அவரையே நிறுத்தியிருக்கிறார்கள். கதவில் சாய்ந்து நின்று படம் எடுத்தால் நூறாண்டுப் பழைய அரக்கு உரியும், காவலர் உடனே வந்துவிடுவார்.

7. தாண்டுவது

ஒரு அடி முன்னாலேயே நின்று கீழே பாருங்கள். வெயிலில் இருந்து இருட்டுக்குள் போகிறோம். கண் பழக இரண்டு மூன்று நொடி ஆகும். சிவப்புப் பூச்சுப் பூசிய கட்டை அந்த இருட்டில் தரையோடு தரையாகத் தெரியும். கால் விரலை இடித்துக்கொள்பவர்கள் எல்லாம் சிலையைப் பார்த்தபடியே நடந்தவர்கள்தான்.

புடவை, பாவாடை, வேட்டி எதுவானாலும் முன்பக்கத்தை இடது கையால் கணுக்கால் தெரியும் அளவுக்குத் தூக்கிக்கொள்ளுங்கள். காலை நன்றாக உயர்த்தி, கட்டைக்கு அப்பால் ஒரு முழ தூரத்தில் ஊன்றுங்கள். ஒட்டி ஊன்றினால் பின்னால் வரும் குதிகால் கட்டையில் உரசும், துணி விளிம்பும் மாட்டும். மறு காலும் உள்ளே வந்த பிறகு நிற்காமல் இரண்டு அடி முன்னே போய்ப் பக்கமாக ஒதுங்குங்கள்.

எந்தக் கால் முதலில் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தேரவாத விகாரைகளில் அதற்குக் கண்டிப்பான விதி எதையும் நான் பார்த்ததில்லை. வலது காலை எடுத்து வைப்பது நம் பழக்கம், அப்படியே செய்யுங்கள். கூட்டத்தின் நடுவில் நின்று காலை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

ஏன் மிதிக்கக் கூடாது? வாசலைக் காக்கும் தெய்வம் நிலைப்படியில் குடியிருக்கிறது என்பது தாய்லாந்து நம்பிக்கை. நிலைப்படியை நிலமகளோடு சேர்த்துச் சொல்வதும் உண்டு. உடம்பில் தலை உயர்ந்தது, பாதம் தாழ்ந்தது என்கிற எண்ணம் இங்கே மிக ஆழமானது. அப்படியிருக்கத் தெய்வம் இருக்கிற இடத்தில் பாதத்தை வைத்தால் எப்படி இருக்கும்? அதோடு ஒரு தச்சுக் காரணமும் இருக்கிறது. பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளை, மேல் சட்டத்திலும் கீழ்க் கட்டையிலும் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். எல்லாரும் ஏறி மிதித்தால் கட்டை தேயும், கதவின் பிடி தளரும். மழை நீரையும் ஊர்வனவற்றையும் தடுப்பதும் அந்தக் கட்டைதான்.

நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்மவர்களுக்குக் கை தானாகப் போகிற பழக்கம். இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நீங்கள் குனியும்போது பின்னால் வருகிறவர் உங்கள் மேல் இடித்து, அவர் கால் கட்டையில் போகும். தாழ்வாரத்திலேயே ஓரமாக நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு: பக்கவாட்டில் திரும்பி, கூட வந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே ஊன்றிய பிறகு மறு காலை எடுங்கள். நிலைக்காலில் பொன் வேலைப்பாடு இல்லையென்றால் அதையும் பிடிக்கலாம். சில இடங்களில் நிலைப்படியை மூடி ஒரு மரப்படி போட்டிருப்பார்கள். அது மிதிப்பதற்காகவே போட்டது, தயங்க வேண்டாம். எதுவும் முடியாவிட்டால் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்தே கும்பிடலாம். வாட் ப்ரா கேவ்வில் ஊதுபத்தியும் தாமரையும் வைக்கிற இடமே வெளியில்தான் இருக்கிறது. தாமரை மொட்டைத் தீர்த்தத்தில் தோய்த்துத் தலையில் தொட்டுக்கொள்வதும் அங்கேதான்.

தவறி மிதித்துவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. கையைக் கூப்பிவிட்டு நகருங்கள். திரும்பி வந்து மறுபடி தாண்டிக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் இன்னும் குழம்பும்.

8. உள்ளே வந்த முதல் நிமிடம்

நிலைப்படி நெரிசலுக்குப் பாதிக் காரணம் உள்ளே இருக்கும் சிலைதான். வாட் ப்ரா கேவ்வின் மரகத புத்தர் 66 செ.மீ. உயரம்தான், மிக உயர்ந்த பீடத்தில் இருக்கிறார். பெரிய சிலையை எதிர்பார்த்து வந்தவர்கள், எங்கே என்று தேடிக் கட்டையிலேயே எக்கி நிற்கிறார்கள். வாட் போவில் நேர்மாறு. 46 மீட்டர் நீளச் சிலை. உள்ளே கால் வைத்ததுமே தூண்களுக்கு நடுவில் அந்தப் பெரிய முகம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என அப்படியே நின்று போனை நீட்டிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் என்ன இருக்கப்போகிறது என்பதை வெளியிலேயே சொல்லி வைத்துவிட்டால் கூட வருகிறவர்கள் நிற்காமல் நடப்பார்கள்.

ஒதுங்கியதும் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் போக வேண்டுமென்றால் உடம்பைக் கொஞ்சம் குனிந்து போங்கள். காலை நீட்டக் கூடாது. பாதம் சிலையையோ பிட்சுவையோ பார்க்கக் கூடாது. இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து உட்காருவது இங்கே மரியாதையான இருக்கை. சம்மணம் போட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மண்டியிட்டு நெற்றி, இரு உள்ளங்கை, இரு முழங்கால் தரையில் பட மூன்று முறை வணங்குவது வழக்கம்: புத்தம், தம்மம், சங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டாம். இடமும் போதாது, உங்கள் பாதம் பின்னால் இருப்பவர் முகத்துக்கு நேராகப் போகும்.

ஓரமாக உயர்ந்த மேடை இருந்தால் அது பிட்சுகளுடையது, உட்காராதீர்கள். பெண்கள் பிட்சுவைத் தொடுவதோ நேராகக் கையில் எதையும் கொடுப்பதோ வழக்கமில்லை; அவர் விரிக்கும் துணியில் வைக்கலாம்.

கும்பிட்டு முடித்ததும் மெல்லத் திரும்பி, நீங்கள் வந்த கதவுக்கு மேலே உள்ள சுவரைப் பாருங்கள். பல உபோசோத்களில் அங்கே, புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை தோற்கும் காட்சி இருக்கும். நடுவில் நிலமகள் தன் கூந்தலைப் பிழிந்துகொண்டிருப்பாள். அந்த வெள்ளத்தில் மாரனின் யானைகளும் ஆட்களும் அடித்துக்கொண்டு போவார்கள். புத்தர் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரை. நீங்கள் நுழைந்தது அந்த வெள்ளத்துக்குக் கீழே.

9. வெளியே வருவது

எழுந்ததும் சிலைக்கு முதுகைக் காட்டி விறுவிறுவென்று நடக்காமல், சில அடி பின்னால் வந்து பிறகு திரும்புங்கள். கதவை நெருங்கும் முன் திரும்பியிருக்க வேண்டும். பின்பக்கமாகவே நடந்து வந்து கட்டையில் தடுக்கி விழுவது ரொம்பப் பக்தியுள்ளவர்களுக்கு நேர்கிற விபத்து. வெளியில் வெளிச்சம் கண்ணைக் கூசும், அதனால் போகும்போது போலவே ஒரு நொடி நின்று தாண்டுங்கள். செருப்பைத் தாழ்வாரத்தில் போட்டுக்கொள்ளாமல் கீழே இறங்கிப் போடுங்கள்.

10. சீன விகாரை என்றால்

சரோன் குருங் சாலையில் உள்ள வாட் மங்கோன் கமலாவாட் மகாயான (சீன பௌத்தர்கள் பின்பற்றும் பிரிவு) விகாரை. பக்கத்திலேயே வாட் மங்கோன் மெட்ரோ நிலையம். நுழைந்ததும் முதல் மண்டபத்தில் பக்கத்துக்கு இருவராக நான்கு திசைக் காவல் அரசர்கள் நிற்பார்கள்.

இங்கே சில பழக்கங்கள் மாறும். சீனக் கோயில்களில் நடுவாசல் தெய்வத்துக்கு. கோயிலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் டிராகன் பக்கம், அதில் நுழைவார்கள். இடப்பக்கம் புலிப் பக்கம், அதில் வெளியேறுவார்கள். ஆண்கள் இடது காலும் பெண்கள் வலது காலும் முதலில் வைப்பது நல்லது என்றும் சொல்வார்கள். நெரிசலான நாளில் இதையெல்லாம் யாரும் கறாராகப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்தால் போதும். ஆனால் கட்டையை மிதிக்கக் கூடாது என்பது மட்டும் இங்கேயும் அதேதான். சீன நிலைப்படி உயரமாக இருப்பதற்குச் சொல்லும் கதை சுவையானது: விறைத்த பிணமாகக் குதித்து வரும் பேயால் முழங்காலை மடக்க முடியாதாம், அதனால் தாண்ட முடியாதாம்.

இங்கிருந்து சியாங் மாய் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். வடக்கே சில கட்டடங்களுக்குள் பெண்கள் போகக் கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள். வாட் செடி லுவாங் வளாகத்தில் உள்ள நகரத் தூண் சன்னிதி அப்படிப்பட்டது. குடும்பமாகப் போனால் பலகையை முதலில் படித்துவிட்டு, யார் உள்ளே, யார் வெளியே என்று தாழ்வாரத்துக்கு வரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கதவில் நின்று விவாதிக்க ஆரம்பித்தால் யாராவது ஒருவர் கால் கட்டையில்தான் இருக்கும்.